கேட்காமல் கடந்தவன்

நான் எழுதிவரும் எங்கள் குடும்ப வரலாற்றில் என் தம்பி உமாசுதனுக்கான பக்கம் நெடுநாள் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. பிறந்த தேதி, படித்த பள்ளி, மேனுகாவுடன் நடந்த திருமணம் ஆகியவற்றுக்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று அவனே சொல்லுவான். சரக்குக் கப்பல் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கிறான். புக்கிட் மேராவில் குடியிருக்கிறான். நாற்பதைத் தாண்டிய பிறகு அவன் ஓடத் தொடங்கியதுதான் குடும்பத்தில் எவரும் எதிர்பாராதது.

விடியுமுன் தன் அடுக்குமாடிப் புளோக்கின் மாடிப்படிகளில் ஏறி இறங்குவான். பின்னர் ஃபேபர் மலைச் சரிவில் ஓடிவிட்டு, அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்துக்குள் திரும்பிவிடுவான். கையிலிருக்கும் கடிகாரம் தூரத்தையும் வேகத்தையும் அளந்தபடி இருக்கும். சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் அதை முடுக்கிவிட்டுத்தான் படியிறங்குவான். வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் சேராத நடை அவனுக்கு நடையே அன்று. நூறு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

குடும்ப விருந்துகளில் அதைப் பற்றியே பேசுவான். மராத்தானில் பக்கத்தில் ஓடுபவன் போட்டியாளன், அதைவிட நீண்ட ஓட்டங்களில் அவனே துணை என்பான். வழியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், நலமா என்று கேட்காமல் யாரும் கடந்துபோக மாட்டார்கள். அது தங்கள் வழக்கம் என்பான். அப்போது அவன் குரலில் பெருமிதம் ஏறும். மேனுகா சோறு பரிமாறியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

சென்ற ஆண்டு மேனுகாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அவள் நலமாகத் திரும்பினால் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக உமாசுதன் வேண்டிக்கொண்டான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை அவளும் உடன் நடப்பதென்றும், மூச்சு வாங்கினால் இருவரும் நின்று நின்று போவதென்றும் பேசிவைத்திருந்தார்கள். அந்தப் பால் வேலின் மீது விழுவதைப் பார்க்க வேண்டும் என்பதொன்றே அவள் கேட்டது. விரத நாட்களில் பயிற்சி குறைந்திருந்ததால் வாரக் கணக்கு நிறையவில்லை. தைப்பூசத்தன்று காலையில் மஞ்சள் வேட்டியுடன் வெறுங்காலில் புறப்பட்டவன், கடிகாரத்தைக் கழற்றவில்லை.

பிறகு நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டே எழுதுகிறேன். முதல் கிலோமீட்டருக்குக் கடிகாரம் ஒலித்தபோது, இவ்வளவு மெதுவாகவா நடக்கிறோம் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. காவடிகளுக்கிடையே வழி தெரிந்த இடத்தில் எட்டி நடந்தான். மறுபடியும் வழி தெரிந்தது, மறுபடியும் நடந்தான். செலிகி சாலையருகே பின்னாலிருந்து மேனுகாவின் குரல் கேட்டதை அவன் மறுக்கவில்லை. இந்தக் கூட்டத்தைத் தாண்டியதும் நிற்கலாம் என்று நினைத்தானாம். நிற்கவில்லை.

பாலைச் செலுத்திவிட்டு வெளியே வந்தபோது, அவனோடு ஓடும் நண்பன் திலீப் எதிர்ப்பட்டான். கடிகாரத்தில் வேகத்தை எட்டிப் பார்த்தான்.

"குடத்தோட இந்த பேஸா? முருகன் மயில விட்டுட்டு உன் பின்னால வந்திருப்பாரு லா."

இருவரும் சிரித்தார்கள். வைஃப் எங்கே என்று திலீப் கேட்ட பிறகுதான் உமாசுதன் திரும்பிப் பார்த்தான்.

மேனுகா வெகுநேரம் கழித்து வந்தாள். முதலுதவித் தொண்டரான சாதியா என்ற இளம்பெண் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். சாலையோரத் திட்டில் மேனுகா உட்கார்ந்திருந்ததைக் கண்டு நின்றவள் அவள்தான்.

"பால் ஊத்தியாச்சா?" என்று மேனுகா கேட்டாள்.

அவன் தலையசைத்தான்.

"யாராவது உட்கார்ந்திருந்தா கேக்காம போகமாட்டோம்னு சொல்வீங்களே. இந்தப் பொண்ணு கேட்டுச்சு."

அவ்வளவுதான். டாக்சியில் அவன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அவள் அதைப் பார்த்தாள்.

முன்பே பெயர் கொடுத்திருந்த நூறு கிலோமீட்டர் ஓட்டத்திலிருந்து விலகிக்கொள்வதாக அவன் சொன்ன அன்றுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"போங்க. இல்லேன்னா பொண்டாட்டிக்காக விட்டுட்டேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டிருப்பீங்க. அதையும் நான் சுமக்கணுமா?"

போனான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் ஓட்டம் அது. தொடக்கக் கோட்டருகே மடக்கு நாற்காலியில் மேனுகா உட்கார்ந்திருந்தாள், நானும் உடனிருந்தேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவித்த உருளைக்கிழங்கும் இளநீரும் அவனுக்குத் தயாராக இருந்தன. அவனைத் தவறவிடக் கூடாதென்று அவள் இடத்தைவிட்டு நகரவேயில்லை. அவன் அவள் முகத்தைப் பாராமல் வாங்கிக்கொண்டான். கால்வலியைவிட அந்த நாற்காலியை நோக்கி வருவதுதான் தாங்க முடியாததாக இருந்தது என்று பின்னர் என்னிடம் சொன்னான்.

கடைசிச் சுற்றுக்கு முன் அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஓகேயா?" என்று மேனுகா கேட்டாள்.

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு அவன் எழுந்து போனான், ஓட்டத்தை முடித்தான்.

குடும்ப வரலாற்றில் சேர்ப்பதற்குப் பதக்கத்துடன் ஒரு படம் கேட்டேன். அவன் அனுப்பியது தைப்பூசத்தன்று யாரோ எடுத்த படம். தோளில் குடத்துடன், காவடிகளைத் தாண்டி, முன்னே பார்த்தபடி விரைகிறான். "அக்கா, இதையே போடுங்க" என்று எழுதியிருந்தான். 

படத்தின் கீழ்ப் பெயர்களை எழுதுவது என் வழக்கம். உமாசுதன் என்று எழுதினேன். பின்னர் மேனுகாவிடம் அனுமதி கேட்டு இன்னொரு வரியும் சேர்த்தேன்: மேனுகா பின்னால் வந்துகொண்டிருந்தாள், படத்தில் இல்லை.