ரிப்பன் கணக்கு

தமயந்தி டீச்சருக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி, நாய், தலைமையாசிரியை அறையிலிருந்து வரும் அழைப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நடுங்குவார். இப்படிப்பட்ட மனுஷியின் தலையில் பள்ளிக்கூடம் ஏன் இத்தனை பொறுப்பைக் கட்டுகிறது என்று கேட்டால், காரணமும் அந்தப் பயம்தான். முடியாது என்று சொல்லவும் அவருக்குப் பயம். ஜூனில் பள்ளி திறந்ததும் சதுரங்கப் போட்டி வந்து சேர்ந்தது. பின்னாலேயே கலைத் திருவிழா நடனம், அறிவியல் கண்காட்சி, வாசிப்பு வாரம். நடுவில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் பாடமும் நடத்தியாக வேண்டும். "கேட் பூட்டுற வேலையையும் நீயே வாங்கிக்கோயேன்" என்று கணவர் ஜெகநாதன் கேலி செய்வார். அதையும் கொடுத்துவிடுவார்களோ என்று டீச்சருக்கு உள்ளுக்குள் உதறும்.

சாரணியர் படையும் அவருடையதுதான். பிள்ளைகளை வெளியே அழைத்துப்போக வேண்டும் என்றால் முதல் நாளே சோறு இறங்காது. இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் ரிப்பன். இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், அது பள்ளியின் கட்டளை. வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு ரிப்பன்களை ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டே போவார். முகத்தைப் பார்த்து எண்ணினால் பிள்ளைகள் சிரிக்கும், இடம் மாறும், கணக்குத் தப்பும். சடை ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

ஆடிக் கிருத்திகைக்கு அந்தப் படையோடு சரவணப் பொய்கைப் பக்கம் தண்ணீர்ப் பந்தலில் நின்றார். காவடிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. மொட்டையடித்துக் குளத்தில் முழுகிய கூட்டம் தலையில் சந்தனத்தோடு படியேறியது. காணாமல் போனவர்களை மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் டீச்சர் ஒரு "முருகா" போட்டார். இது போதாதென்று சதுரங்க வேலை என்ன ஆயிற்று என்று தலைமையாசிரியை காலையிலிருந்து போன் மேல் போன். காதில் போனை வைத்துக்கொண்டே, யார் எதைக் கேட்டாலும் "ஆங், ஆங்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் புளியோதரைப் பொட்டலம் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளை நிறுத்தி எண்ணினார். ஒரு ஜோடி ரிப்பன் குறைந்தது. திரும்ப எண்ணினார். அப்போதும் குறைந்தது.

"உதயா எங்கடி?"

"தெரில மிஸ்" என்றாள் அணித்தலைவி கனிமொழி. "காலைல டம்ளர் கழுவிகினு இருந்தா. அப்புறம் பாக்கவே இல்ல."

உதயா கலை விழா நடனத்தில் முன்வரிசைக்காரி. இடுப்பைத் தாண்டிய சடை அவளுக்கு. பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று அவள் அம்மா கௌரியம்மாளிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டு அழைத்துவந்திருந்தார் டீச்சர். இப்போது அந்த வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது.

மற்ற பிள்ளைகளைப் பந்தலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு முதலில் குளத்துக்குத்தான் ஓடினார். வேறெங்கே ஓடத் தோன்றும்? கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பச்சையாக ஏதோ மிதந்து வந்தது. ரிப்பனேதான் என்று நினைத்தார். பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, அது வாழையிலைத் துண்டு.

பிறகு கூட்டத்துக்குள் சடையைத் தேடினார். நீளச் சடை ஒன்று தெரிந்ததும் பாய்ந்து தோளைப் பிடித்துத் திருப்பினார். யாரோ ஒரு பெண். அவள் மிரண்டுபோய்த் தெலுங்கில் கத்தினாள். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். முருகா, அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு, இனிமேல் எதற்கும் பயப்படவே மாட்டேன் என்று முணுமுணுத்தார். நிறைவேற்ற முடியாத வேண்டுதல்தான்.

மைக்கில் சொல்லிவிடுவோம் என்று திரும்பியபோது எதிரே கௌரியம்மாள் வந்துகொண்டிருந்தார். அவரும் மொட்டை, ஆனால் அந்த மூக்குத்தியை டீச்சருக்குத் தெரியும். பக்கத்தில் மஞ்சள் உடுப்பில் இன்னொரு மொட்டைத் தலை. வீட்டுப் பையன் போலிருக்கிறது என்று அந்தப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. ஓடி ஒளியலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தார். ஆனாலும் நேராக அவரிடமே போனார். அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க உதயாவக் காணோம்மா. நான்தான் கூட்டிகினு வந்தேன். நான்தான் தொலைச்சிட்டேன்."

கௌரியம்மாள் பேந்தப் பேந்த விழித்தார். பக்கத்தில் நின்ற மொட்டைத் தலை விசும்ப ஆரம்பித்தது.

"மிஸ், நான்தான் மிஸ்."

"இன்னா டீச்சரம்மா, இதோ நிக்கறாளே!" என்றார் கௌரியம்மாள். "அவங்க நைனா கட்டட வேலைல சாரத்துலருந்து விழுந்துட்டாருல்ல? எழுந்து நடந்தா முடி குடுக்கறேன்னு நான்தான் வேண்டிகினேன். இவளும் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. காலைல உங்கள கேட்டுகினுதான வந்தா? ஆங், ஆங்னு சொன்னீங்களாம்."

சொல்லியிருப்பார். காலையிலிருந்து சொன்ன எத்தனையோ "ஆங்"களில் அதுவும் ஒன்று. டீச்சர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

உதயாவுக்கு அழுகை நிற்கவில்லை. "பந்தலுக்கு வரவே பயமா இருந்துச்சி மிஸ். முடி இல்லன்னு டான்ஸ்லருந்து எடுத்துட்டீங்களா? அதான் என்னத் தெரியாத மாதிரி பேசுறீங்களா?"

டீச்சர் எழுந்தார். இந்தப் பள்ளியில் தன்னைவிடப் பயந்த ஜீவன் இல்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் சந்தனம் ஒட்டியது.

"நீதான் முன்வரிசை. யார் வந்து சொன்னாலும் நீதான்."

சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து ரிப்பன்களை எண்ணினார். ஒரு ஜோடி குறைந்தது. உயிர் ஒருமுறை போய்த் திரும்பியது. அப்புறம் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளைகள் சிரித்தன, பேசின, இடம் மாறின. அவர் விடவில்லை. எல்லோரும் பதில் சொல்லி முடித்த பிறகு, ஏற்கெனவே பதில் சொல்லியிருந்த உதயாவை இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"இருக்கேன் மிஸ்."