மிஞ்சிய ஒரு முழம் மாலை

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி. ஒரு படுக்கையறை வீட்டில், அகதியாய் வந்த ஐந்து பேர் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காட்டில் தலைமறைவாகத் திரிந்த போராளி ஒருவரை எங்கள் ஆட்கள் தேசியத் தலைவர் என்று அழைத்த காலம். அவருடைய படம் போட்ட கலண்டர் என் கட்டிலுக்கு மேலே தொங்கியது. அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும்.

எதிர்க் கட்டில்காரனுக்கு அந்தப் படத்தின் அர்த்தம் வேறு. அவனுடைய அண்ணன் இன்னொரு இயக்கத்தில் இருந்தவன். தலைவரின் ஆட்கள் அந்த அண்ணனைச் சந்தியில் வைத்துச் சுட்டு, உடம்பை எடுக்கவும் விடவில்லை. அண்ணனின் சின்னப் படம் ஒன்று அவனுடைய பேர்சுக்குள் இருந்தது. சுவரில் மாட்ட அவன் துணியவில்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் ஒரே சட்டியில் சமைத்தோம், வெக்ஸ்போர்ட்டில் ஒரே ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினோம்.

"உன்ரை ஆள் இரா முழுக்க என்னை முறைச்சுக்கொண்டிருந்தவர்" என்பான் காலையில்.

"நீ விட்ட குறட்டைக்கு வேறை என்ன செய்யிறது?" என்பேன். அவ்வளவுதான் எங்கள் அரசியல்.

வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களுக்கு மாலை கட்டுவது என் வேலை. கடையில் வாடத் தொடங்கிய கார்னேஷன் பூக்களை மலிவாக வாங்கித் தையல் நூலில் கோப்பேன். ஒரு வெள்ளி, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் போட்டபின் ஒரு முழம் மிஞ்சியது. யோசிக்கவேயில்லை, தலைவரின் படத்துக்குப் போட்டேன். எனக்கு அவரும் சாமிதான். எதிர்க் கட்டிலில் இருந்து பார்த்தவன் சிரித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உயிரோடு இருக்கிற மனிதரின் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம் பார்த்து, குண்டுவீச்சில் தலைவர் செத்துவிட்டார் என்று கொழும்பில் கதை அடிபட்டிருந்தது.

மறுநாள் பின்னேரம் நாங்கள் இருவரும்தான் வீட்டில். ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்ல, தலைவரின் இயக்க ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். சப்பாத்துப் பனியோடு உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்தார்.

"உந்த மாலையை ஆர் போட்டது?"

நான் சுவர்ப் பக்கம் பின்வாங்கினேன். அண்ணைக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. யாருடைய அண்ணன் எந்த இயக்கம் என்று அவருக்குத் தெரியும். நேரே அவனிடம் போனார்.

"தலைவர் சாகவேணுமெண்டு மாலை போடுறியோடா?"

முதல் அடி காதில் விழுந்தது. கட்டிலுக்கும் ஹீற்றருக்கும் நடுவில் விழுந்தவனை மூன்று பேரும் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். ஒருவன் குசினியிலிருந்து தேங்காய்த் துருவலையைத் தூக்கி வந்து தாடையில் அடித்தான். முருங்கைக்காய் முறிப்பது போலச் சத்தம் கேட்டது. ரத்தம் என் போர்வையில் தெறித்தது. இரண்டு பல் ஹீற்றரடியில் கிடந்தன. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அத்தனை அடிக்குள்ளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஏச்சுத்தான் விழுந்திருக்கும். விசர்ப் பெடியன், பக்தியில் போட்டுவிட்டான் என்று சிரித்திருப்பார்கள். அது தெரிந்தும் சுவரோடு ஒட்டி நின்றேன். இன்றைக்கும் என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில், ஐஸில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னதும் நான்தான். தாடையைக் கம்பியால் கட்டி விட்டார்கள். தலைவர் விடுதலை வீரரா, கொலைகாரரா என்று இந்த நகரத்தில் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. திறக்கவேண்டிய அன்று திறக்காதவன்.

மாத முடிவில் அவன் ஒஷாவாவுக்கு வீடு மாறினான். எலிவேற்றர் வரைக்கும் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"மாலையை நான்தான் போட்டனான் எண்டு நீ ஏன் அவையளிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

கம்பிகளுக்குள்ளால் அவனுடைய சொற்கள் மெல்ல வந்தன.

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."