கால் கிலோ பீன்ஸ் வசவில் சேருமா?

என் தம்பியின் வாயைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவனோடு பழகியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பழகியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தவள் நான்தான். அவனுடைய அக்கா நான். அவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறவளும் நான். ஸ்கூல் என்றால் ஏதோ பெரிசாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, இரண்டு கார், சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம். அந்தப் படத்திலும் யூ டர்ன் குறி இருக்கும் மூலை கிழிந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் அவன் லாரி ஓட்டினான். லாரியை விட்டு இறங்கும்போது இடுப்பு வலியையும் அந்த வாயையும் கொண்டுவந்தான். இடுப்பு வலி ஆறு மாதத்தில் போய்விட்டது. மனசில் அவனுக்கு ஒன்றும் கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். செருப்பு அறுந்தாலும் வசவு, நல்ல செய்தி வந்தாலும் அதே வசவு. என் வாயும் லேசுப்பட்டதில்லை. ஆனால் எனக்கு இடம் பொருள் தெரியும் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அவன் மகளுக்கு அப்போது மூன்று வயது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று குழந்தையைக் கொஞ்சியிருக்கிறார். அது அவரை நிமிர்ந்து பார்த்து, லாரி ஷெட்டில்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு வார்த்தையை, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டது. என் தம்பி மனைவி கத்தவில்லை. அவள் கத்துகிற ஆளே இல்லை. மாலையில் அவன் வந்ததும் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் உட்கார வைத்துவிட்டு எதிரே நின்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மகளின் தலையில் கையை வைத்து, இனிமேல் கெட்ட வார்த்தை என் வாயில் வராது என்று சத்தியம் செய்தான்.

சத்தியம் செய்வது ஒரு நிமிஷ வேலை. மறுநாள் காலை எட்டு மணிக்கே கார் ஓட்டப் பழகும் ஒருத்தர் கிளட்ச்சையும் பிரேக்கையும் மாற்றி மிதித்தால் என்ன செய்வது? முதல் வாரம் “கடவுளே” என்று கத்திப் பார்த்தான். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற கடவுளே அது. கேட்டவர்களுக்கு அதுவே திட்டுகிற மாதிரிதான் இருந்தது. கடைசியில் கடவுளையும் சும்மா விட மாட்டீங்களா என்று மனைவி கேட்டாள். சரி, வெங்காயம் என்று சொல்லிக்கொள்கிறேனே என்றான். அதை எல்லாரும் திட்டுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள், அது செல்லாது என்று நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு நாற்சந்தியில் குறுக்கே வேன் வந்தது. பழைய வார்த்தை பல் வரைக்கும் ஏறிவிட்டது. சட்டைப் பையில் மனைவி எழுதி வைத்த காய்கறிச் சீட்டு. என்ன தோன்றியதோ, அதைப் பிடித்துக்கொண்டு முதல் வரியைக் கத்தினான்: “கால் கிலோ பீன்ஸ்!” ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி மிரண்டு பிரேக் போட்டுவிட்டார். வேன் போய்விட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடிக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தினமும் காலையில் புதுச் சீட்டு. சின்னத் தவறுக்குக் கால் கிலோ பீன்ஸ். கொஞ்சம் கூடினால் அரைக் கிலோ கேரட். உயிருக்கே ஆபத்து என்றால் இரண்டு கிலோ பூசணிக்காய். இத்தனைக்கும் பூசணிக்காய் அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அவன் மனைவி காலையில் சீட்டில் எழுதுவாள், சாயங்காலம் போன் போட்டு அது மட்டும் வேண்டாம் என்பாள். எட்டு வருடமாக இதே கூத்து. ஒரு மனசாக இருக்கத் தெரியாதா உனக்கு என்று நான்கூட அவளைக் கடிந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் பெரிய டீச்சர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. கணவருக்குக் கண் மங்கிவிட்டதாம். “முப்பது வருஷம் அவர் ஓட்டினார், நான் பக்கத்துல உட்கார்ந்து குறை சொன்னேன். இனிமே மாத்தி உட்காரணும்” என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஒன்பதாவது நாள் வகுப்பு முடிந்து நேராக என் மேசைக்கு வந்தார். உங்கள் தம்பி என்னைத் திட்டுகிறார் என்றார். என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒரு கிலோ தக்காளி என்றார். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் விரலை ஊன்றிக்கொண்டு வகுப்பு எடுக்கிற தோரணையில் பேசினார்.

“வார்த்தையை மாத்திட்டா போதுமா? கோபம் அதேதானே? தப்பு கூடக்கூட எடை கூடுது பாருங்க. அப்ப அது காய்கறி இல்ல, வசவு. உறையை மாத்திப் போட்டிருக்கார், அவ்வளவுதான்.”

நிமிர்ந்தால் கார் சாவியோடு தம்பி வாசலில் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

“அப்ப எட்டு வருஷமா நான் திட்டிக்கிட்டுதான் இருந்தேனா டீச்சர்?” என்று கேட்டான்.

டீச்சருக்குப் பொய் வராது. யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். மகள் தலையில் அடித்த சத்தியம் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். அவன் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அன்றோடு அவன் வாய் மூடிக்கொண்டது. பீன்ஸும் இல்லை, கேரட்டும் இல்லை. பக்கத்து இருக்கையில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஆபத்து வந்தால் தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மட்டும் மிதித்தான். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் விசாரித்தார்கள். அந்த வாரம் பார்த்து மகள் பள்ளி மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். ஒரு சின்ன சிராய்ப்பு, ஒரு பிளாஸ்திரி. அதைப் பிடித்துக்கொண்டான் அவன். சத்தியம் மீறியதால்தான் பிள்ளைக்கு அடி பட்டது என்று என்னிடம் வந்து அழுதான். பதினொரு வயதுப் பிள்ளை விழாமல் வேறு யார் விழுவார்கள் என்று நன்றாகத் திட்டி அனுப்பினேன். காதில் ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்குத் தினமும் காரோடு போய் அவளை ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். டெஸ்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. காலையில் எங்கள் கேட்டையே இடித்திருந்தார்.

“உங்க தம்பியைப் பேசச் சொல்லுங்க” என்றார். “கால் கிலோன்னா ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுப்பேன். அரைக் கிலோன்னா பிரேக்கைத் தொடுவேன். ஒரு கிலோன்னா நிறுத்திடுவேன். இதை நான் படிக்கலை, என் கால் படிச்சிருக்கு. இப்ப அவர் பேசாம இருக்கார், காலுக்கு ஒண்ணும் புரியலை.”

அப்போதுதான் நான் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவருக்கு மனசு வரவில்லை. பரிதாபப்பட்டு மார்க் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. நீங்களே ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்.

அன்று மாலையே போனேன். டீச்சர் ஓட்டினார். தம்பி பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தான். பள்ளி வாசலில் மகள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தெரு போயிருப்போம். முழங்கால் வலிக்கிறதா கண்ணு என்று கேட்டுக்கொண்டு தம்பி முழுசாகப் பின்பக்கம் திரும்பினான். அவன் கால் பிரேக்கில் இல்லை. அந்த நேரம் பார்த்து இடது பக்கச் சந்திலிருந்து முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிய சைக்கிள் ஒன்று நேராகக் குறுக்கே வந்தது.

காருக்குள் ஒரே சமயத்தில் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று என்னுடையது. அதை இங்கே எழுத முடியாது. இன்னொன்று பக்கத்திலிருந்து.

“ரெண்டு கிலோ பூசணிக்காய்!” என்று மகள் கத்தினாள்.

டீச்சரின் கால் தரையோடு அழுந்தியது. கார் நின்ற இடத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். முட்டைக்காரர் எங்களைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், ஒன்றுகூட உடையவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் காரை ஓரமாக நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொன்னதும் காதுல விழுந்தது, பாப்பா சொன்னதும் விழுந்தது. உங்க வார்த்தைக்கு எனக்குக் காது சுட்டுது. அவ வார்த்தைக்குத்தான் பிரேக் விழுந்தது.”

எனக்கு மானம் போயிற்று. ஆனால் மறுக்க முடியாதே. டீச்சர் அதோடு விடவில்லை. அவர் திட்டுகிறார் என்று நான் சொன்னது தப்பு, ஆனாலும் சத்தியம் வாங்கியது நானில்லை, வாங்கியவரிடமே கேட்டுவிடலாம் என்று காரை நேராகத் தம்பி வீட்டுக்கு விட்டார். அந்த வீட்டு வாசலில் அவர் ஒரே மூச்சில் காரைச் சரியாக நிறுத்தியதை யாரும் பாராட்டவில்லை, யாருக்கும் அந்த நினைப்பில்லை.

தம்பி மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டீச்சர் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, இவர் சத்தியத்தைக் காப்பாற்றினாரா இல்லையா, நீதான் சொல்ல வேண்டும் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் நேராக அவனிடம் வந்து சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தாள். ஒரு வாரமாக அவன் எடுத்தே பார்க்காத சீட்டுகள் நான்கைந்து சேர்ந்து வந்தன.

“இந்த வீட்டுல பூசணிக்காய் யாருங்க சாப்பிடுறா?” என்று கேட்டாள்.

அவன் விழித்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

“ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க. எட்டு வருஷமா அதை எதுக்கு எழுதினேன்? முதல் நாள் நீங்க வந்து கால் கிலோ பீன்ஸ் கதையைச் சொன்னீங்களே, அன்னைக்கே நினைச்சேன். வாயை மூடுன்னா உங்களுக்கு மூச்சு நின்னுடும். சும்மா விட்டா பழசு வந்து உட்காரும். அதான் தினமும் உங்களுக்குக் கத்த ஏதாவது எழுதி வச்சேன். நான் எழுதிக் கொடுத்ததைத்தானே சொன்னீங்க? அப்புறம் எப்படிங்க சத்தியம் மீறினதாகும்?”

என் தம்பி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மகள் போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். மூன்று வயதில் உட்கார்ந்த அதே மடி, இப்போது காலெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை எடுத்துத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டாள். அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டே, அப்ப தினமும் போன் போட்டு வேண்டாம் என்றதும் அதற்குத்தானா என்று மனைவியிடம் கேட்டான். பின்னே, வாங்கிட்டு வந்தா யாரு தின்கிறதாம் என்றாள் அவள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்றுக்கு நூறு போட்டேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

நான்கு நாள் கழித்து டெஸ்டில் பாஸாகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்தைத் தாண்டிப் போனார். திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. கண்ணாடி இறக்கியிருந்ததால் எங்களுக்கு நன்றாகவே கேட்டது, “கால் கிலோ பீன்ஸ்!” அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே என்னமோ குறை சொன்னார், டீச்சர் என்னமோ பதில் சொன்னார், கார் போய்விட்டது. தம்பி தெருவில் இறங்கி நின்று, அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நான் மேசை இழுப்பறையைத் திறந்தால் பேனாவுக்குப் பக்கத்தில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. தம்பி மனைவியின் கையெழுத்து. மேலே “அண்ணிக்கு” என்று போட்டிருந்தது, அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். காரில் நான் சொன்ன வார்த்தையை மகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள் போலும். முதல் வரியே பூசணிக்காய், மூன்று கிலோ என்று இருந்தது. அவனுக்கே இரண்டு கிலோதான் எழுதுவாள்.