பேர் வெட்டிய டப்பா

எங்கள் தொழிலில் முதல் விதி, யார் வீட்டுக்கும் எதையும் கொடுத்தனுப்பக் கூடாது. விசிட்டிங் கார்டு, பேனா, ஆபீஸ் பேர் போட்ட காகிதம், எதுவும் கூடாது. அடிக்கிற ஆள் கையில் அது சிக்கினால் அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்கு மறுநாள்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. நான் ஹூஸ்டனில் ஒன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அப்பா அம்மாவை அடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது என் வேலை. எங்கள் பகுதியில் அவர்கள் எல்லாம் ஹோண்டுராஸ், மெக்சிகோ, எல் சால்வடோர் பக்கத்திலிருந்து வந்த, ஸ்பானிஷ் பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகள். பகலெல்லாம் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒன்றும் நடக்காத மாதிரி ரசத்துக்குப் புளி கரைக்கிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் இல்லை

என் பதவிக்குப் பேர் அட்வகேட். இதை நம்மவர்களிடம் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு பொங்கல் விழாவில், தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு அங்கிள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மச்சானுடைய கிரீன் கார்டு கேஸை ஆரம்பித்தார். நான் வக்கீல் இல்லை என்று சொல்வதற்குள் கேஸ் பாதி முடிந்துவிட்டது. அப்புறம் என் வேலையை விளக்கினேன். ஸ்பானிஷ் எப்படித் தெரியும் என்றார். வேலைக்குப் போக முடியாத டிபெண்டன்ட் விசாவில் ஆறு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பக்கத்து அபார்ட்மென்ட் அம்மாவிடம் கற்றுக்கொண்டது, பிறகு காலேஜில் சோஷியல் வொர்க் படித்தபோது தேறியது என்றேன்.

அவர் நல்ல மனுஷர். உண்மையாகவே வருத்தப்பட்டார். எங்கள் மேஜையிலேயே ஒரு பெண் வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போடுகிறவள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பொங்கலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: “நல்லவேளைம்மா, நம்மாளுங்க வீட்ல இந்தப் பிரச்சினை எல்லாம் கிடையாது.”

நின்றபடி சாப்பாடு

யெசேனியாவுக்குப் பதினாறு வயது. கிளாஸில் தூங்குகிறாள் என்று அவள் ஸ்கூல் கவுன்சிலர் என்னிடம் அனுப்பினார். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, கவுன்சிலர் ரூமில் அரை மணி நேரம். மூன்று செவ்வாய் அவள் வாயே திறக்கவில்லை. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவளோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது செவ்வாய் எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. உன் முன்னாலேயே சாப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே என்று டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். டப்பா என் கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்த எவர்சில்வர் டப்பா. மூடியில் புள்ளி புள்ளியாக ‘கோமதி, கரூர்’ என்று பேர் வெட்டியிருக்கும். முதல் தடவையாக அவளாகவே பேசினாள். இது என்ன டிசைன் என்று கேட்டாள். என் பேர், எங்கள் மொழியில் என்றேன். டப்பாவுக்கு எதற்குப் பேர் என்றாள். விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிவிடும், அதற்குத்தான் என்றேன். சிரித்தாள். மூடியில் கொஞ்சம் சாதம் வைத்துக் கொடுத்தேன். சுவரோரம் நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்கார் என்று இரண்டு தடவை சொன்னேன். பாதி இங்கிலீஷும் பாதி ஸ்பானிஷுமாகப் பேசுவாள், நான் தமிழில் சொல்கிறேன்: “வீட்ல நாங்க யாரும் உட்கார்ந்து சாப்பிடறதில்ல மிஸ். உட்கார்ந்துட்டா எழுந்து ஓட லேட் ஆயிடும்.”

நடு நாற்காலி

அவள் அம்மா ரோசா, கணவனிடம் பேரன்ட் மீட்டிங் என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் வெளியே டிரக்கில் காத்திருந்தான். மூன்று நாற்காலி போட்டிருந்தோம். யெசேனியா நேராகப் போய் நடுவில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். டாக்டர், வீட்டு ஓனர், ஸ்கூல், எல்லோரிடமும் எட்டு வயதிலிருந்து அவள்தான் அம்மாவுக்காக இங்கிலீஷ் பேசுகிறாள். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள்தான், எட்டு வயதில்.

நான் அம்மாவிடம் நேராக ஸ்பானிஷில் பேசினேன். என் ஸ்பானிஷில் கரூர் வாடை அடிக்கும், ஆனால் புரியும். ரோசா முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். அந்த ஆளுக்குக் கூரை போடுகிற வேலை. வீட்டுச் சாவி ஒன்றுதான், அது அவன் பெல்ட்டில் தொங்கும். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் ஸ்கூல் பஸ் ஏறியதும், ரோசாவை அழுக்குத் துணி மூட்டையோடு வாஷட்டேரியாவில், அதுதான் காசு போட்டுத் துணி துவைக்கிற கடையில், இறக்கிவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவான். மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் டிரக்கிலேயே ஏற்றுவான். ஆக, தப்பிக்க அவர்களுக்கு இருப்பது வெள்ளிக்கிழமை பகல் ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவு பண்ணினோம். வேறு ஊரில், முகவரி வெளியே தெரியாத ஒரு இல்லத்தில் இடம் பிடித்தாயிற்று.

ஒரே முடிச்சு, பேப்பர். யெசேனியா பிறந்தது ஹோண்டுராஸில். அங்கே எடுத்த பர்த் சர்டிபிகேட் இல்லாமல் அடிபட்ட குடும்பத்துக்கு இங்கே தருகிற விசாவுக்கு அவளால் விண்ணப்பிக்க முடியாது. மறுபடி வாங்க வேண்டுமென்றால் ஊரில் அந்த ஆளின் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அதை வீட்டிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது என்று யாருக்கும் தெரியவில்லை. பேசி முடித்து ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது: “நீங்களே அம்மாகூடப் பேசிட்டா, எனக்கு இனிமே என்ன வேலை?”

கை தானாக நீண்டது

அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய். எல்லாவற்றையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தோம். கிளம்பும்போது யெசேனியா, ஆறு வயதுத் தங்கச்சி டானியாவுக்கு மஞ்சள் சாதம் ரொம்பப் பிடிக்கும், போன செவ்வாய் டிஷ்யூ பேப்பரில் கொஞ்சம் மடித்துக்கொண்டு போனேனே, அதை ஒரு வாரமாகப் பேசுகிறாள் என்றாள். டப்பாவில் அன்றைக்கும் எலுமிச்சைச் சாதம்தான், முக்கால்வாசி மிச்சம் இருந்தது. குழந்தை கேட்டதாமே, கொண்டு போ என்று மூடியை அழுத்தி மூடி அவள் பையில் வைத்தேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. நம் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோமா? அந்தக் கைதான் நீண்டது.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் டப்பா இல்லை என்று உறைத்தது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. ஒன்பது வருஷம் ஒரு பேனாகூடக் கொடுத்தனுப்பாதவள், என் பேரையும் ஊரையும் உலோகத்தில் வெட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது, அதுவும் விதிதான். என் கணவர் எட்டிப் பார்த்து, வேறு டப்பாவே இல்லையா வீட்டில் என்றார். அவரிடம் சொல்லத் தெம்பில்லை. சூப்பர்வைசர் லூர்தஸைக் கூப்பிட்டேன். இந்த வேலையில் இருபது வருஷம் ஊறியவள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, கேட்டாள்: “அந்த எழுத்தை அந்த ஆளால படிக்க முடியாதுல்ல? அப்போ படிக்கத் தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நமக்கு டைம் இருக்கு.”

கடைக்கு வந்த டப்பா

புதன்கிழமை யெசேனியா ஸ்கூலுக்கு வரவில்லை. மத்தியானம் பத்மா ஆன்ட்டி போன் பண்ணினார். இந்தியக் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட் தெருவில் நான் அரிசி பருப்பு வாங்குகிற கடையில் கவுன்ட்டரில் இருப்பவர். அறுபது தாண்டியவர். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் கறிவேப்பிலையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். யெசேனியா வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடந்தே போகலாம். “கோமதி, உன் டப்பா இங்க வந்துச்சுமா” என்றார்.

ஒரு ஆள் வந்தானாம். பெல்ட்டில் சாவி. டப்பாவை நீட்டி, இது எந்த மொழி, யார் பேர் என்று கேட்டானாம். ஸ்கூலில் ஒரு இந்தியப் பொண்ணு சாப்பாடு கொடுத்தாள் என்று மகள் சொல்கிறாள், அது நிஜமா என்று தெரிய வேண்டுமாம். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாராம். “கோமதி, கரூர்னு இருந்துச்சு. போன தீபாவளிக்கு இதுலதானே எனக்கு அதிரசம் கொண்டாந்த.” ஆன்ட்டியே தொடர்ந்தார். “இது கம்பெனி பேருப்பா, அரிசி மூட்டை வாங்கினா நாங்க ஃப்ரீயா குடுக்கறது, இந்த ஊர்ல பாதி இந்தியன் வீட்ல இது இருக்கும்னு சொல்லிட்டேன். நம்பிட்டு எடுத்துட்டுப் போயிட்டான்.”

என் வேலை என்ன என்று ஆன்ட்டியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் ஆன்ட்டி அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாருக்கோ பில் போட்டு முடித்தார். பிறகு சொன்னார்: “ஒரு ஆம்பளை டப்பாவைத் தூக்கிட்டுக் கடை கடையா விசாரிக்கிறான்னா அவன் தேடறது டப்பாவை இல்லைமா. நான் இருபத்திரண்டு வருஷம் அப்படி ஒருத்தன்கூட இருந்தவ.”

வியாழக்கிழமை

யெசேனியா வந்தாள். அவள் மேல் கை படவில்லை. டப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் கன்னத்தில் விழுந்ததாம். கடைக்குப் போய் விசாரித்து வந்த பிறகு சமாதானமாகி, டப்பாவை அடுப்பு மேடையில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டானாம்.

அந்த அடி என்னால் விழுந்தது. இதை எத்தனை விதமாக மாற்றிச் சொன்னாலும் அதுதான் உண்மை. மன்னித்துவிடு என்று ஸ்பானிஷில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், எதிலும் சரியாக வரவில்லை. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவள்தான் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “அது எப்பவும் விழறதுதான் மிஸ். ஆனா தங்கச்சி சாதம் முழுசும் சாப்பிட்டா.”

வெள்ளிக்கிழமை

லூர்தஸ் காரை வாஷட்டேரியாவின் பின்பக்கம் நிறுத்தினாள். நான் ஒரு மெஷினில் என் வீட்டுத் துண்டுகளைப் போட்டுச் சுற்றவிட்டுக் காத்திருந்தேன். டிரக் வந்தது. ரோசா மூட்டையோடு இறங்கினார். கன்னத்தில் பவுடர் திட்டாக இருந்தது. டிரக் கிளம்பி நாலடி போய் மறுபடி நின்றது. அவன் ஜன்னல் வழியாக ரோசாவைக் கூப்பிட்டான். ரோசா திரும்பிப் போய் எதையோ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். டிரக் போய்விட்டது.

மூட்டையை அங்கேயே விட்டோம். லூர்தஸின் காரில் ஏறி இரண்டு ஸ்கூலுக்கும் போனோம், ரோசாவே கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்தார். டானியா ஏறியதும் பசிக்கிறது என்றாள். அப்போதுதான் கவனித்தேன். ரோசா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என் டப்பா. திறந்தார். மேலே நாலு சோள ரொட்டி. அதற்கடியில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த பர்த் சர்டிபிகேட்டுகள், டானியாவின் ஆஸ்துமா மருந்து.

இதை எப்படி வெளியே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். அந்த வீட்டில் அவன் ஏற்கெனவே சோதித்துப் பார்த்து, சரி என்று விட்ட பொருள் இது ஒன்றுதான் என்றார் ரோசா. இறங்குகிற பதற்றத்தில் அதை டிரக் சீட்டிலேயே விட்டுவிட்டாராம். யெசேனியா முன் சீட்டிலிருந்து திரும்பி, அதற்கப்புறம் என்ன ஆச்சு என்றாள். ரோசா டப்பா மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “உன் சாப்பாட்டை மறந்துட்டியேன்னு அவரேதான் கூப்பிட்டுக் குடுத்தார்.”

டப்பா அவர்களோடு போய்விட்டது. நானும் திருந்திவிட்டேன் என்று லூர்தஸிடம் சத்தியம் பண்ணிவிட்டு, இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைச் சாதத்தைப் பழைய தயிர் டப்பாவில்தான் கொண்டு போகிறேன், அது யாருடையது என்று இந்த ஊரில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.