பால்மரத்தில் ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் செய்கிறவனுக்கு ஊரில் பேர் கிடையாது. பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில், காதைவிட நெஞ்சில் அதிகம் அதிரும் அந்தப் பொருள் மேடையில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தலையணைக்குப் பஞ்சு அடைப்பவர்கள், சுவருக்குள் தண்ணீர்க் குழாய் பதிப்பவர்கள் என்று கண்ணில் படாத வேலை பார்த்து அலுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரத்தில், புந்தோங்கில் ஒரு மேசை நாற்காலிப் பட்டறையின் பின்பக்கம் எனக்கு ஒரு மூலை இருந்தது. கட்டில் கால் கடைந்தது போக மிச்ச நேரத்தில், கேட்பவர்களுக்கு பேஸ் செய்து கொடுப்பேன். வருடத்துக்கு இரண்டு பேர் கேட்பார்கள். என்னைக் களைத்துப்போக வைக்க அந்த இரண்டு பேரே போதும்.

கம்பி குறைகிறது

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வடிவத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒருவருக்கு நுனியில் மயில் தலை வேண்டும், இன்னொருவருக்கு உடம்பு மின்னல் மாதிரி வளைய வேண்டும். நான்கு மணி நேரம் தோளில் மாட்டினால் தோள் தாங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் பார்த்துப் பார்த்து முடித்த நான்கு கம்பி பேஸ் ஒன்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்காரர் கேட்டார்:

"கிட்டாருக்கு ஆறு கம்பிலா. மிச்சம் ரெண்டு எப்பண்ணே போடுவீங்க?"

ஒரு கணு குறைந்த விரல்

முனியாண்டி சிலிம் ரிவர் பக்கத்துத் ரப்பர்த் தோட்டத்துப் பையன். ஈப்போவில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் வேலை, விடுமுறை நாட்களில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் இசைக்குழுவில் பேஸ். தொழிற்சாலை இயந்திரத்தில் இடதுகைச் சுண்டுவிரலின் ஒரு கணு போய்விட்டது. அதற்குப் பிறகு இரவல் வாங்கிய பெரிய பேஸில் அந்த விரல் எட்டவில்லை, சுருதி தவறியது. அடுத்த மாதம் சித்தியவானில் ஒரு கல்யாணம், அதிலும் தவறினால் வேறு ஆள் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். அந்தக் குழுவை விட்டால் அவனுக்கு வாரம் முழுக்கப் பலகைதான். அதைச் சொல்லும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செருப்புக்கு அளவு எடுப்பது போல அவன் கையை நாளிதழில் வைத்து வரைந்தேன். பேஸின் கழுத்து நீளத்தில் நான்கு அங்குலம் குறைத்தேன், கழுத்தின் முதுகை மெலிதாக இழைத்தேன், கழுத்து கீழே சாயாமல் இருக்க, தோள்வார் மாட்டும் மேல் கொம்பை முன்னால் நீட்டினேன். வேலை நடக்கும்போது குழுத் தலைவரே ஒரு நாள் வந்து நின்று பார்த்தார். போகும்போது சொன்னார்:

"பேஸ் இல்லாட்டி ஒருத்தனுக்கும் தெரியாது. தப்பா வந்தா, பந்தியில சாப்பிடுறவன்கூட நிமிர்ந்து பார்ப்பான்லா."

வெள்ளை மரம்

பேஸின் உடம்புக்கு மரம் தானே தருவதாகச் சொல்லி முனியாண்டி ஒரு கனத்த பலகையை பஸ்ஸில் தூக்கி வந்தான். அவன் அம்மா வேலை செய்த தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காக ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பால் வெட்டிய மரத்திலிருந்தே அறுத்து வாங்கியிருந்தான். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான், அந்த மரத்துப் பாலில் வளர்ந்தவன்தான். இழைத்தால் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக வந்தது. மயங்கிவிட்டேன்.

மின்விசிறி பழுது பார்க்கும் கடையில், கம்பியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கம்பிச்சுருள் சுற்றி வாங்கி, வார்னிஷ் பூசி, கம்பி ஏற்றினேன். ஒலிபெருக்கியில் மாட்டி முதல் தடவை தட்டியபோது அலமாரியில் ஆணி டப்பா அதிர்ந்தது. முனியாண்டியின் விரல் எல்லா இடத்துக்கும் எட்டியது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த பேஸுக்குக் கீழே ஒரு கரண்டி மாவு கொட்டிக் கிடந்தது. உடம்பெல்லாம் ஊசித் துளை. எனக்கு அழுகை வந்தது. மகனோடு பார்க்க வந்த அவன் அம்மா லெட்சுமி அந்த மாவைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"சாய்ச்ச பால்மரத்துல ஒரு மாசத்துல பூச்சி வந்துரும் தம்பி. முப்பது வருஷம் அதுகிட்டயே நின்னேன், ரெண்டு பேரும் என்னைய ஒரு வார்த்த கேக்கலியே."

சித்தியவான் கல்யாணம்

கழுத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, முதலாளியின் அலமாரிக் கதவுக்கு வைத்திருந்த மெராந்தி மரப் பலகையைக் கெஞ்சி வாங்கி, அதே அளவில் புது உடம்பு அறுத்தேன். பன்னிரண்டு நாளும் முதுகு நிமிரவில்லை. ஞாயிறு பகல் விருந்துக்கு அவன் மாட்டியபோது வார்னிஷ் சரியாகக் காயாமல் சட்டையோடு ஒட்டியது.

நான் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சுருதி தவறவில்லை. குழுத் தலைவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தியிலும் யாரும் நிமிரவில்லை. முடிந்ததும் குழுத் தலைவர், அடுத்த வாரம் ஆயர் தாவார் கல்யாணத்துக்கு எத்தனை மணிக்கு வேன் கிளம்பும் என்று மட்டும் முனியாண்டியிடம் சொன்னார். அவன் இடம் அவனுக்கே.

லெட்சுமி அம்மாவை முன்வரிசையில், பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் முனியாண்டி ஆசையாக, தான் வாசித்தது கேட்டதா என்று கேட்டான். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பாட்டு கேட்டுச்சு, மேளம் கேட்டுச்சு, ஒன்னோடது எதுன்னு தெரியலப்பா. எனக்கு நெஞ்சுக்குள்ளதான் திம்மு திம்முன்னு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்லா."

இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டை, மறுநாள் டாக்டர் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.