மேல்முகத்தில் வெட்டிய வேல்

கிணத்துக்கடவில் லேத்துப் பட்டறை போடுவதற்காகத் தோட்டத்தில் பாதியை விற்றேன். கிணற்றுக்குக் கிணறு கரண்டு பம்பு வந்துகொண்டிருந்த காலம். பம்பு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தே குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி, கோயமுத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரி ஒன்றில் லேத்துக்குச் சொல்லிவைத்தேன்.

லேத்துக்கு அடியில் நீளமாகக் கிடக்கும் இரும்பு வார்ப்பைப் பெட்டு என்போம். அது நேராக இருந்தால்தான் கடைகிற ஷாஃப்டும் நேராக வரும். வார்த்த கையோடு இழைத்துவிட்டால் பின்னால் மெல்ல வளைந்துபோகுமாம். ஒரு மழை, ஒரு வெயில் வெட்டவெளியில் கிடக்க வேண்டும் என்றார் பவுண்டரி முதலாளி.

"ஏனுங்க, இரும்பென்ன மொளகாயுங்களா, காயப்போடறதுக்கு?"

"காயறதுக்கில்லீங்க, ஆறறதுக்கு. சூடு ஆறுனாலும் உள்ளுக்குள்ள இருக்கற முறுக்கு ஆற நாளாகுமுங்க. மனுசன் கோவமாட்டமுங்க."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை மருதமலைக்குப் போய்விட்டு, அப்படியே பவுண்டரியையும் எட்டிப் பார்ப்பேன். கொல்லையில் பெட்டுகள் துருவேறி வரிசையாகக் கிடக்கும். என்னுடையது எது என்று கேட்டால் ஒரு தடவை நடுவில் ஒன்றைக் காட்டினார். அடுத்த தடவை கடைசியில் கிடந்ததைக் காட்டினார். இன்னொரு நாள், அச்சு மணல்கூட உதிராத புது வார்ப்பின் மேல் ஒரு ஆள் உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"துரு புடிக்கோணுமல்லங்க" என்றார், சிரிக்காமல்.

புது இரும்புக்குப் பழைய வேஷம் கட்டி என் தலையில் கட்டிவிட்டால், தோட்டமும் போய்ப் பட்டறையும் போகும்.

அடுத்த கிருத்திகைக்குப் பிரசாதப் பையில் உளியும் சுத்தியலும் எடுத்துப் போனேன். முதலாளி காட்டிய பெட்டில், ஆள் பார்க்காத நேரம், சின்னதாக ஒரு வேல் வெட்டினேன். அடிப்பக்கம் வெட்டியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் முருகன் வேலைச் சேற்றில் படும்படி எப்படி வெட்டுவது? மேல்முகத்தில்தான் வெட்டினேன். திருநீறும் பூசினேன்.

லேத்து வந்து இறங்கியது. மேல்முகம் கண்ணாடிபோல மின்னியது. வேலைக் காணோம்.

லேத்தைப் பூட்டிக்கொடுக்க வந்திருந்த முதலாளியிடம் மறைக்காமல் கேட்டேன். "மேல் மொகத்தத்தானுங்க இழைச்சு எடுக்கறது! உங்க சாமி சீவலோட போயிட்டாருங்க" என்றார். என் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இது என்னுதுதான்னு எப்படீங்க தெரியறது?"

"வளைஞ்சுதுன்னா கொண்டாங்க. நானே இழைச்சுத் தாரேன்."

அன்று முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், நேர் பார்க்கிற இரும்புப் பட்டையைப் பெட்டின் மேல் நிறுத்தி, பின்னால் கற்பூரத் தட்டைப் பிடித்துப் பார்ப்பேன். இடையில் வெளிச்சம் கசியாதவரை பெட்டு நேர்.

"ஏனுங்க, கற்பூரம் சாமிக்குங்களா, லேத்துக்குங்களா?" என்பாள் வீட்டுக்காரி.

"சும்மா இரு அம்மணி."

மழைக்காலம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, பட்டைக்கு நடுவில் மயிரிழைபோல வெளிச்சம் தெரிந்தது. கடைந்து வைத்திருந்த ஷாஃப்டுகளை அளந்தேன். ஒரு முனை பருத்திருந்தது. வீட்டுக்காரி தானே இன்னொரு கற்பூரம் ஏற்றி, தட்டைப் பட்டைக்குப் பின்னால் பிடித்தாள்.

பெட்டை மட்டும் கழற்றி வண்டியில் ஏற்றினேன். அதற்கு முன்பே பக்கவாட்டில் ஒரு வேல் வெட்டிவிட்டேன்.

முதலாளி தம் பட்டையை வைத்து வெகுநேரம் பார்த்தார். "பழசானாலும் கொஞ்சம் அசையுமுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சொன்னபடி இழைத்தும் கொடுத்தார்.

"இனி அசையாதுங்க. ஒரு மழை, வெயில்தான் உங்க ஊட்லயே பாத்துருச்சே."

"அப்ப உங்க கொல்லையில பாக்கலீங்களா?"

அவர் உள்ளே திரும்பி, "ரெண்டு டீ கொண்டா" என்று கத்தினார்.

டீயைக் குடித்தேன். குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் வேல் இருந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை வெளிச்சம் கசியவில்லை. முருகன் காப்பாற்றினான். ஆனாலும் வெள்ளிக்கிழமையானால், சாமிக்குக் காட்டிய கற்பூரம் அணைவதற்குள் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.