பூவம் வரை தள்ளாமல்

2024 அக்டோபர் 12, விஜயதசமி. காலை எட்டு மணி வாக்கில் காரைக்கால் தலத்தெருவில் ஒரு சைக்கிள் டபடபவென்று புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. அரை கிலோமீட்டர் ஓடியது. பிறகு இருமியது, விக்கியது, நின்றுவிட்டது.

ஓட்டிப்போன பிரதீபா ஒரு காலைத் தரையில் ஊன்றி, பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகித் திறந்து பார்த்தாள். பெட்ரோல் இருந்தது. மூடினாள். பெடலை நாலு மிதி மிதித்ததும் எஞ்சின் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓடியது. திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி நின்றது.

"நல்லா வருது" என்றான் வாசலில் நின்ற கணவன் செந்தில்குமார்.

"என்ன நல்லா வருது? ரெண்டு தடவ நின்னாச்சு."

"வாசல்ல கரெக்டா நின்னுச்சே, அதச் சொன்னேன்."

பிரதீபா ஸ்பேனரை எடுத்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எதையும் பிரித்துப் பார்க்காமல் விட மாட்டாள் என்பது இரண்டு குடும்பத்திலும் தெரிந்த விஷயம். கல்யாணமான முதல் மாதமே மாமியார் வீட்டு கிரைண்டரைப் பிரித்துப் போட்டாள். திரும்பச் சேர்த்தபோது இரண்டு திருகாணி மிச்சம் விழுந்தது. கிரைண்டர் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் ஓடுகிற கிரைண்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இரண்டு திருகாணிகளைத்தான் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மே மாதம், எந்த நாட்டிலோ ஒருவர் நூறு வருஷத்துக்கு முந்தைய மாடலில் எஞ்சின் வைத்த சைக்கிள் செய்து ஓட்டும் வீடியோவைப் பார்த்தாள். அது போல ஒன்று தனக்கும் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். வாங்குவது இல்லை, செய்வது. அன்றிலிருந்து அவள் எரிச்சல் தொடங்கியது. "ஸ்கூட்டர்தான் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு சிரித்து மழுப்பினாள். ஆகஸ்டுக்கு மேல், "எனக்கு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

எஞ்சின் பூவத்திலிருந்து வந்தது. செந்தில்குமாரின் அண்ணன் தெட்சிணாமூர்த்திக்கு அங்கே நிலம். பயிருக்கு மருந்தடிக்கும் பழைய பவர் ஸ்ப்ரேயர் ஒன்று அவர் கொட்டகையில் கிடந்தது. "ரெண்டு வருஷமா கெடக்குதும்மா. எலி குடும்பம் நடத்துது. எடுத்துட்டுப் போ" என்றார். பிரதீபா எலிக் குடும்பத்தைக் காலி செய்தாள், பிஸ்டன் ரிங் மாற்றினாள், கார்புரேட்டரைக் கழுவினாள். கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்பு சைக்கிள் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்தாள். திருமலைராயன்பட்டினத்தில் கிரில் கேட் செய்யும் நசீம் பாய் எஞ்சினைத் தாங்கச் சட்டம் வெல்டு செய்தார். சைக்கிள் பாருக்குக் கீழே தொங்கும் நீள உருளை டாங்கையும் அவர்தான் செய்து கொடுத்தார். அதற்கு ஒரு பழைய மொபெட்டின் மூடி பொருந்தியது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு மாவு மில்லில் கழித்த பெல்ட். ஹேண்டில்பாரைப் பின்னால் வளைத்து, டாங்குக்குக் கரும்பச்சை அடித்தபோது வண்டி நிஜமாகவே அந்தக் காலத்து ஃபோட்டோவிலிருந்து இறங்கி வந்தது போல் இருந்தது.

"டீச்சர், கடைக்குப் போனா புது வண்டியாவே கொடுக்குறாங்க. தெரியுந்தானே?" என்றார் நசீம் பாய், நாலாவது முறையாக.

"தெரியும் பாய். நீங்க வெல்டு வைங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி முதல்முறை ஓடியது. தெருவை ஆறு சுற்று சுற்றியும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது. ஸ்பேனர் எல்லாம் சாமி முன்னால். ஆயுத பூசை என்றால் செந்தில்குமாருக்குக் கை நிற்காது. ஃப்ரிட்ஜ், மிக்சி, ஸ்கூட்டர், வைஃபை பெட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பான். சைக்கிளுக்கும் தலையிலிருந்து கால் வரை வைத்து, மாலை போட்டு, வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். சனிக்கிழமை அது நின்று நின்று ஓடியதையும் எடுத்துப் போட்டான். அதுதான் வினையாயிற்று.

மத்தியானம் தெட்சிணாமூர்த்தி போன் செய்தார்.

"ஏம்மா, அந்த எஞ்சினு ஓடுதாமே?"

"ஓடுது அத்தான்."

"நல்லதாப் போச்சு. புது ஸ்ப்ரேயரு மக்கர் பண்ணிடுச்சு. பயிருல இலைச்சுருட்டுப் புழு. திங்கக்கெழம மருந்தடிக்க ஆளு சொல்லியாச்சு. மெக்கானிக்கு பூசைக்குக் கடையப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான், புதன்கெழமதான் வருவானாம். நீ அந்த எஞ்சினக் கழட்டி அனுப்பிடு."

பிரதீபாவுக்குக் காது சூடாகியது.

"அத்தான், நீங்க கொடுத்தது ஓடாத எஞ்சின். இப்ப கேக்குறது ஓடுற எஞ்சின். ரெண்டும் ஒண்ணில்ல."

"ஓடாததுன்னு யாரும்மா சொன்னது? ரெஸ்ட்டுல இருந்துச்சு."

"எலியோடயா?"

"இப்ப மட்டும் என்ன ஓடுது? வீடியோவுல நின்னுக்கிட்டுல்ல இருக்கு" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, இப்பிடி வச்சுக்குவோம். நாளைக்கு மத்தியான சாப்பாட்டுக்குள்ள அதுல உக்காந்து பூவம் வந்துடு. அந்த எஞ்சினப் பத்தி அப்பறம் நான் வாயத் தொறக்கல. தள்ளிக்கிட்டு வந்தியன்னா இங்கயே கழட்டி வச்சுட்டுப் போயிடணும். பேச்சுதானே?"

"பேச்சுதான்" என்றாள் பிரதீபா. போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கழற்றிக் கொடுத்தால் அது திரும்பி வராது. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் மருந்து டப்பாவோடு யார் முதுகிலோ ஏறி வயலில் இறங்கிவிடும். மிச்சமிருப்பது காயலான் கடைச் சைக்கிள்.

அன்று சாயங்காலம் வரை கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தாள். பிளக் மாற்றினாள். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் டாங்கைத் திறந்து மூடிக் கிளப்பினால் ஓடியது. அரை கிலோமீட்டர், மிஞ்சினால் ஒரு கிலோமீட்டர் போனதும் நின்றது. எது கோளாறோ அது இருந்துகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளம்பினாள். பின்னால் ஸ்கூட்டரில் செந்தில்குமார்: ஸ்பேனர் பை, குடை, தண்ணீர் பாட்டில், ஆலோசனைகள். முதல் நிறுத்தம் தெரு தாண்டியதும். இரண்டாவது அதற்கு அடுத்த வளைவில்.

"பேசாம எஞ்சின அணைச்சுட்டு மிதிச்சே வந்துடேன். தள்ளக்கூடாதுன்னுதானே அண்ணன் சொன்னுச்சு?" என்றான் செந்தில்குமார்.

"நீங்க வாய மூடிக்கிட்டு வர்றதா இருந்தா வாங்க. இல்ல வீட்டுக்குப் போங்க."

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் மூன்றாவது நிறுத்தம். நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். பிரதீபா கையெல்லாம் கிரீஸோடு குந்தியிருக்க, வந்தவர்கள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற செந்தில்குமாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், நீங்களே செஞ்சீங்களா?"

"நான் இல்லீங்க. அவங்க."

"சூப்பர் சார். மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?"

"அவங்களத்தாங்க கேக்கணும்."

"சரிங்க சார். எஞ்சின் கிட்டு எங்க வாங்குனீங்க?"

பிரதீபா நிமிர்ந்தாள். "கிட்டு இல்லீங்க. நான் செஞ்சது. மைலேஜ் இன்னும் பாக்கல. ஓடுனாத்தானே பாக்க?"

ஒருவர் கொஞ்சம் நகர்ந்து நின்று, குரலைத் தாழ்த்தி, செந்தில்குமாரிடம் சொன்னார்: "பிளக்கக் கழட்டித் தொடைக்கச் சொல்லுங்க சார்."

இன்னொருவர் சோக்கை இழுக்கச் சொன்னார். மூன்றாமவர் இதை விற்றுவிடச் சொன்னார். பிரதீபா டாங்கைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மிதித்துக் கிளப்பிக்கொண்டு போயே விட்டாள். டீக்கடைப் பக்கமிருந்து விசில் பறந்தது. அது பாராட்டா கிண்டலா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது முறை நின்றபோது இரண்டு பக்கமும் வயல். நிழல் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிளக், குழாய் என்று பிரித்துப் பார்த்ததில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பூவம் இன்னும் இருந்தது. நின்று நின்று போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் பெல்ட் ஏற்கெனவே தீய்ந்த நாற்றம் அடித்தது. இன்னும் நாலு முறை மிதித்துக் கிளப்பினால் அறுந்துவிடும். அறுந்தால் தள்ளுவதுதான்.

மூடியைத் திருகினாள். 'உஸ்' என்றது.

நேற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்ட சத்தம்தான். பெட்ரோல் ஆவி வெளியே போகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது கையை அப்படியே நிறுத்தினாள். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது.

எண்ணெய் டின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறோம்? வருஷா வருஷம் பிள்ளைகளிடம் அவள் கேட்கும் கேள்வி. ஒன்றில் எண்ணெய் வர, மற்றொன்றில் காற்று போக. காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. பெட்ரோலும் வராது.

மூடியை உள்பக்கமாகத் திருப்பினாள். நடுவில் ஊசிமுனை அளவு துவாரம். வெயிலுக்கு எதிராகப் பிடித்தாள். வெளிச்சம் தெரியவில்லை. மேல்பக்கம் திருப்பினாள். துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், காய்ந்து சிமெண்ட் மாதிரி.

"என்னங்க."

"சொல்லு."

"மூடியில பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்" என்றான் செந்தில்குமார், குரலில் கொஞ்சம் பெருமை. "நடு நெத்தி மாதிரி இருந்துச்சு. ஓட்டைக்கு நேரா வச்சேன், அழகா உக்காந்துச்சு."

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே வச்சீங்களா?"

"உள்ள தூசி போயிடக் கூடாதுல்ல? அதான் நல்லா அழுத்தி வச்சேன்."

பிரதீபாவுக்கு வாய் வரை என்னென்னவோ வந்தது. வயலில் நின்ற ஒருவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினாள். ஷாலில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, துவாரத்தில் விட்டுக் குத்தினாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"பூசைப் பொட்டப் போயி குத்துறியே" என்று முனகினான் செந்தில்குமார்.

"அடுத்து உங்களத்தான் குத்துவேன். வண்டிய எடுங்க."

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. வாய்க்கால் மதகைத் தாண்டியது, தெருவுக்குள் திரும்பியது, ஒரு நாய் துரத்தித் தோற்றது, தெட்சிணாமூர்த்தி வீட்டு வாசலில் பிரதீபா நிறுத்தியபோதுதான் நின்றது. தெட்சிணாமூர்த்தியும் அவர் மனைவி அமுதமும் சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள்.

"வழியில நின்னுச்சா?" என்றார் அவர், முதல் வார்த்தையாக.

"நாலு தடவ நின்னுச்சுண்ணே" என்றான் செந்தில்குமார். கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவன்.

"பாத்தியா! நின்னுட்டா கணக்குல வராதும்மா."

"தள்ளினேனான்னு கேளுங்க அத்தான்."

"நின்னா என்ன, தள்ளினா என்ன?"

"நீங்க தள்ளுறதப் பத்தித்தான் சொன்னீங்க" என்றாள் அமுதம். "ஸ்பீக்கர்ல போட்டுத்தானே கத்துனீங்க? தெருவே கேட்டுச்சு. பேச்ச மாத்தாதீங்க. நீ உள்ள வாம்மா, மொகமெல்லாம் செவந்து கெடக்கு."

தெட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்தார். "சரி. நீயே வச்சுக்க. பயிருக்கு வந்த கேடு என்னோட போவட்டும். நான் பாத்துக்குறேன்."

ஜெயித்தும் ஜெயிக்காத மாதிரி ஆக்கிவிடும் இந்தக் குரலைப் பிரதீபாவுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எஞ்சின் தன்னுடையதாகிவிட்டது, இலைச்சுருட்டுப் புழுவும் தன்னுடையதாகிவிட்டது போல் இருந்தது.

"புது ஸ்ப்ரேயர் என்னதான் பண்ணுது அத்தான்?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நல்ல நாளுன்னு எறக்குனா, கொஞ்ச நேரம் ஓடுது, நின்னுடுது. இழுத்து இழுத்துத் தோள்பட்டையே போயிடுச்சு."

பிரதீபா செம்பைக் கீழே வைத்தாள். நேரே கொட்டகைக்குப் போனாள். மூவரும் பின்னால் போனார்கள். புது ஸ்ப்ரேயர் பூசை மாலையோடு உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் மூடியின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம்.

"இதுவும் தூசி போகக் கூடாதுன்னா?"

"தூசியா? எங்கப்பா டீசல் எஞ்சினுக்கு மூடியிலதான் வைப்பாரு. எங்க வழக்கமே அதான்."

பிரதீபா செந்தில்குமாரைப் பார்த்தாள். அவன் கொட்டகைக் கூரையைப் பார்த்தான்.

ஷாலில் இருந்த பின்னை எடுத்து அந்தச் சந்தனத்தில் இரண்டு குத்து குத்தினாள். "இழுங்க" என்றாள். தெட்சிணாமூர்த்தி நம்பிக்கையில்லாமல் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிற்கும் நிற்கும் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அது நிற்கவில்லை. கடைசியில் அவரே அணைத்துவிட்டு, தம்பியின் தோளில் தட்டினார்.

"பரவால்லடா செந்திலு. எஞ்சின் வேலையெல்லாம் கத்துக்கொடுத்து வச்சிருக்கியே."

அமுதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரதீபா பின்னைத் துடைத்து ஷாலில் குத்திக்கொண்டு, சாப்பாடு போடச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தெட்சிணாமூர்த்தி புது ஸ்ப்ரேயரில் மருந்தடித்தார். பெல்ட் மாற்ற வேண்டியிருந்ததால் பிரதீபா ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போனாள்.